2.5 லட்சம் கிலோமீட்டர் ஓடிய நம்ம காரா, 80,000 ஓடிய அடுத்தவர் காரா?

எங்கள் குடும்பக் கார் 2.5 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய சமயத்தில் ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் புஷ், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்து செலவு கேட்டன. "இதோடு இன்னும் கொஞ்சம் போட்டால் வயசு குறைந்த காரையே வாங்கிவிடலாமே" என்று வீட்டில் பேச்சு எழுந்தது. விற்பனைக்கு வந்த சில கார்களைப் போய்ப் பார்த்தோம், ஓட்டியும் பார்த்தோம். கடைசியில் பழையதற்கே செலவு செய்து வைத்துக்கொண்டோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

புத்தம் புதுக் காரை இதில் சேர்க்கவில்லை. மதிப்பு வேகமாகச் சரிவது முதல் சில வருடங்களில்தான், அந்த நஷ்டத்தை வேறு யாராவது ஏற்றுக்கொள்ளட்டும் என்று நினைப்பவர்களுக்கானது இந்த அலசல். வயசு குறைந்த கார் பெட்ரோலை மிச்சப்படுத்துமே என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் நீண்ட தூரம் ஓட்டுபவராக இருந்தால் ஒழிய, அந்த மிச்சம் ஒரு பெரிய ரிப்பேருக்குக்கூடக் காணாது.

"காரோட விலையைவிட ரிப்பேர் செலவு அதிகம், வித்துடு" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ரிப்பேருக்குப் போட்ட பணம் விற்கும்போது திரும்பி வரும் என்று யார் எதிர்பார்க்கிறார்கள்? இவ்வளவு ஓடிய காருக்கு மறுவிற்பனை மதிப்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அடுத்த ஒரு வருடம் இதை ஓட்ட என்ன ஆகும், இன்னொரு காரை வாங்கி அதே ஒரு வருடம் ஓட்ட என்ன ஆகும், இந்த இரண்டையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்த விஷயம் ஒன்றுதான். நம் காரில் என்னென்ன வேலை எப்போது நடந்தது என்று நமக்குத் தெரியும். அடுத்தவர் காரில் ஓடோமீட்டர் எண் மட்டும்தான் தெரியும்.

அந்த எண்ணும் பாதிதான் பேசும். எஞ்சின் சூடேறும் முன்பே அணைத்து அணைத்து, பக்கத்துத் தெரு வரை மட்டும் ஓட்டப்பட்ட கார் 80,000 கிலோமீட்டரிலேயே களைத்திருக்கலாம். சூடேறாத எஞ்சினில் பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து தங்கிவிடும். நெடுஞ்சாலையில் சீராக ஓடி இரண்டு லட்சத்தைக் கடந்த எஞ்சின் அதைவிட நல்ல நிலையில் இருக்கும். ரப்பரும் அப்படியே, அது கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, வருடத்தைத்தான் பார்க்கும். குறைவாக ஓடிய பத்து வயதுக் காரின் ஹோஸ்களுக்கும் பிரேக் குழாய்களுக்கும் வயது பத்துதான்.

எஞ்சினில் பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கு பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள எஞ்சின் என்றால் பெரும்பாலும் ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். பெல்ட் என்றால் கிலோமீட்டர் கெடு, வருடக் கெடு இரண்டும் உண்டு, எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. பல எஞ்சின்களில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடித்துவிடும். விற்பவர் "மாத்தியாச்சு சார்" என்பார். பில் இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றின் செலவையும் அந்தக் காரின் விலையோடு கூட்டுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் இதே கதைதான். "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்ற வார்த்தையை நம்பி முதல் சொந்தக்காரர் தொடாமலே விட்டிருப்பார். அதன் பலனை அனுபவிப்பவர் இரண்டாவதாக வாங்கியவர்.

கூலிங் பக்கம் இன்னும் முக்கியம். வயதான பெட்ரோல் எஞ்சின்கள் பல தேய்ந்து சாவதில்லை, ஒரு நாள் ஓவர்ஹீட் ஆகித்தான் சாகின்றன. அலுமினிய சிலிண்டர் ஹெட் ஒரு முறை வளைந்தாலே போதும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பானட்டைத் தூக்கி ரேடியேட்டரின் மேல் பக்க பிளாஸ்டிக் தொட்டியைப் பாருங்கள். கருப்பாக இருக்க வேண்டியது பழுப்பேறியிருந்தால், அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் காய்ந்த கூலன்ட் உப்புப் பூத்தது போல் படிந்திருந்தால், அது வெடிக்கத் தயாராக இருக்கிறது. மேல் ஹோஸை அமுக்கினால் மொறமொறவென்றோ, கொழகொழவென்றோ இருக்கக் கூடாது. டாஷ்போர்டு முள்ளை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பல கார்களில் வெப்பம் ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருப்பார்கள், அது நகரும்போது நேரம் கடந்திருக்கும். சில புதிய கார்களில் முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான்.

நாங்கள் ரேடியேட்டரோடு தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினோம். கழற்றும் கூலி ஒரு முறைதானே. அதற்கு மேல் பணம் போட்டு வாங்கும் காரில் இதே பாகங்கள் எந்த நிலையில் இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியவில்லை. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும் என்று தோன்றியது.

சரி, வயசு குறைந்த கார் எதில் ஜெயிக்கிறது? பாதுகாப்பில். அதில் மறுபேச்சே இல்லை. வண்டி சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் பிடித்து நேர்ப்படுத்தும் இஎஸ்சி (எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்), அமெரிக்காவில் 2012 மாடல் முதல் எல்லாக் கார்களிலும் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல். அதற்கு முந்தைய கார்கள் பலவற்றில் இருக்காது, பின்னால் பொருத்திக்கொள்ளும் சமாச்சாரமும் இல்லை. புது டயர், புது பிரேக் ஆயில் என்று எவ்வளவு செய்தாலும் இந்த இடைவெளி அடைபடாது.

ஆனால் புதிய எஞ்சின்களுக்கென்றே சில தலைவலிகள் உண்டு. டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வைக் கழுவிவிட ஆள் இல்லை, கரி படியும். வால்வுக்கு முன்பே பெட்ரோலைத் தெளிக்கும் பழைய முறையில் அந்த வேலையைப் பெட்ரோலே செய்துவிடும். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவும் வந்தால் செலவு வைக்கக்கூடிய பாகம் இன்னும் ஒன்று கூடுகிறது. நான் சொல்வதெல்லாம் டர்போ இல்லாத பெட்ரோல் கார்களை வைத்துத்தான். டீசலையோ ஹைப்ரிடையோ இத்தனை தூரம் வைத்து ஓட்டியதில்லை, அதனால் அவற்றுக்கும் இதே தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன்.

பழையதை விட்டுவிட வேண்டிய இடமும் உண்டு. ஆயில் குடிப்பது அல்ல அது. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பார்த்து, குறைந்ததை ஊற்றிக்கொண்டே இன்னும் பல காலம் ஓட்டலாம். துரு வேறு. கதவு ஓரத்தில் இருந்தால் பரவாயில்லை. ஜாக்கி வைக்கும் இடத்திலோ சஸ்பென்ஷன் பிடிமானத்திலோ ஸ்க்ரூடிரைவரால் தட்டும்போது உள்ளே இறங்கினால், எஞ்சின் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அந்தக் காருக்கு இனி பணம் போடாதீர்கள்.

இன்னொரு நிலைமையிலும் என் கணக்கு மாறும். புதிதாக ஓட்டக் கற்றவர் யாராவது வீட்டில் இந்தக் காரை எடுக்க ஆரம்பித்தால், இஎஸ்சி உள்ள ஒன்றைத் தேடுவேன். அப்போதும் 80,000 ஓடிய, பில் இல்லாத காரைவிட 1.5 லட்சம் ஓடி, சர்வீஸ் பில்களைக் கட்டாக வைத்திருப்பவரின் காரைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். வாங்கிய முதல் மாதத்திலேயே எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றும் செலவையும் பேரத்துக்கு முன்பே ஒதுக்கி வைத்துக்கொள்வேன்.