சான் ஹோசே அப்பீல் கோர்ட்: வாதம் கேக்கப் போறவங்களுக்கு
கலிபோர்னியால அப்பீல் கோர்ட்டு ஆறு டிஸ்ட்ரிக்டா இருக்கு, சான் ஹோசேல இருக்குறது ஆறாவது, வாதம் கேக்க யாரு வேணா போய் உக்காரலாம். சாட்சி, ஜூரி எதுவும் கிடையாது, கீழ்கோர்ட்டு ரெக்கார்ட வெச்சு சட்டப்படி தப்பு நடந்துச்சான்னு மூணு ஜட்ஜ் பாக்குறாங்க. எனக்கு ரொம்பப் புடிச்சது அவங்க கேள்விதான், எல்லாத்தையும் முன்னாடியே படிச்சுட்டு வந்து வக்கீலோட வாதம் எங்க வீக்கா இருக்கோ நேரா அங்கயே கேக்குறாங்க. வாதமெல்லாம் முடிஞ்சு கேஸ் தீர்ப்புக்காக சப்மிட் ஆனா 90 நாளைக்குள்ள தீர்ப்பு, தாண்டுனா ஜட்ஜு சம்பளம் வாங்க முடியாதுன்னு மாநில அரசியலமைப்புலயே இருக்கு, சூப்பர் ரூல்! ஒரே குறை, சிவில் கேஸ்ல அப்பீல் போட, கீழ்கோர்ட்டு தீர்ப்பு பதிவான நோட்டீஸ் வந்ததுல இருந்து பொதுவா 60 நாள்தான், வக்கீல் இல்லாதவங்களுக்கு அது ரொம்பக் கம்மி.