லோடர் ஹோஸுக்கு நைலான் ஸ்லீவ்: உரசலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது

ஹைட்ராலிக் ஆயில் ஓடும் ஹோஸின் மேல் உறைபோல் மாட்டும் நைலான் ஸ்லீவ் விலை இறங்கியிருக்கிறதே, டிராக்டரின் முன்னால் பக்கெட்டைத் தூக்கும் லோடருக்கு வாங்கிப் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். புதரும் அடிக்கட்டையும் மண்டிய நிலத்தைத் திருத்தும் டிராக்டரில் அதை நெடுநாளாகப் பயன்படுத்தி வருவதால், ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் அதற்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். லோடர் கையின் விளிம்பில் உரசும் இடத்தில் ஹோஸின் ரப்பர் மேலுறை முதலில் பளபளக்கும், பிறகு வெடிப்பு விடும், கடைசியில் உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் தெரியும். அந்தக் கம்பி ஈரம் பட்டுத் துருவேறினால் ஹோஸ் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். ஸ்லீவ் போட்டால் இதெல்லாம் வெகுவாகத் தள்ளிப்போகிறது. ஊசித்துளை விழுந்து ஆயில் பீய்ச்சினாலும், நெருக்கமாக நெய்த ஸ்லீவ் தாரையின் வேகத்தை உடைத்துக் கீழ்முனையில் கசியவிடும். ஓட்டுபவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

என் கோபமெல்லாம் அது ஹோஸை மறைத்துவிடுவதில்தான். மண்ணில் வேலை செய்யும்போது பொடிமணல் ஸ்லீவுக்குள் போய்விடும். அதில் ஈரமும் சேர்ந்தால், ஹோஸ் ஒவ்வொரு முறை வளையும்போதும் அந்தச் சேறு மேலுறையை அரைத்துக்கொண்டே இருக்கும். வெளியே பார்த்தால் ஸ்லீவ் புதிதுபோல் இருக்கும். விலக்கினால் கம்பி தெரியும். ஃபிட்டிங் எனும் உலோக இணைப்பை அழுத்திப் பொருத்திய (கிரிம்ப் செய்த) முனை ஹோஸைவிடப் பருமன் என்பதால், ஹோஸ் அளவுக்கு எடுத்த ஸ்லீவ் முனையைத் தாண்டி வராது. முனையைத் தாண்டும் அளவுக்கு எடுத்தால் தொளதொளவென்று நின்று இன்னும் அதிக மண்ணை வாங்கும். ஒட்டுப்பட்டை வைத்த திறக்கக்கூடிய வகையைப் பரிந்துரைப்பார்கள். அந்தப் பட்டையில் புல்லும் முள்ளும் அப்பிக்கொண்டால் மறுபடி சரியாக ஒட்டாது. ஆகவே மேல்முனையை மட்டும் கேபிள் டை போட்டு இறுக்கி, கீழ்முனையைத் திறந்தே விடுங்கள். நுழைந்த மண் கொஞ்சமாவது வெளியே விழும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நிலம் திருத்தும்போது பெரும்பாலும் ஹோஸைக் கெடுப்பது உரசல் அல்ல, இழுவை. பக்கெட்டைத் தரையோடு வைத்து முன்னே தள்ளும்போது கிளைகள் அதன் அடியில் புகுந்து பின்பக்கம் வந்துவிடும். அப்படியே ரிவர்ஸ் எடுத்தால் கிளையின் ஒரு முனை மண்ணில் ஊன்ற, மறுமுனை எழும்பி, பக்கெட் சிலிண்டர் பக்கம் புடைத்து நிற்கும் ஹோஸ் வளைவுக்குள் நுழையும். அடுத்த நொடியில் ஃபிட்டிங்கின் கழுத்து வளையும், இல்லையென்றால் ஸ்டீல் பைப் மடங்கும். ஹோஸின் மேல் ஒரு கீறல்கூட இருக்காது. எந்த ஸ்லீவும் இதைத் தடுக்காது. பக்கெட்டைத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கி, அடியில் சிக்கியதை உதிர்த்துவிட்டுப் பின்னே வருவதுதான் முதல் காப்பு.

எதிர்பாராத மகிழ்ச்சி ஹோஸை மாற்றியதில் கிடைத்தது. இரட்டைக் கம்பிப் பின்னல் கொண்ட சாதாரண வகையான அரை அங்குல 2 எஸ்.என். ஹோஸின் குறைந்தபட்ச வளைவு ஆரம் 180 மி.மீ. அதே அளவில், இன்னும் நெருக்கமாக வளையும் வகையான 2 எஸ்.சி. ஹோஸுக்கு 130 மி.மீ. போதும். நேர் ஃபிட்டிங்குக்குப் பதில் 90 டிகிரி எல்போ போட்டு, ஹோஸை லோடர் கையோடு ஒட்டிப் படுக்க வைத்தால் வளைவு பாதியாகச் சுருங்கிவிடுகிறது. வெளியே புடைக்காத ஹோஸில் கிளை எப்படி மாட்டும்? ஆனால் நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. அழுத்தம் ஏறும்போது ஹோஸ் 4 சதவீதம் வரை சுருங்கலாம். ஒரு மீட்டருக்கு 4 செ.மீ. லோடர் கையை மேலும் கீழுமாக, பக்கெட்டை முழுக்கச் சுருட்டியும் முழுக்கக் கவிழ்த்தும் பார்த்துவிட்டுத்தான் கிளாம்ப் போட வேண்டும். ஃபிட்டிங்கை ஒட்டியே வளைக்கக் கூடாது, ஹோஸ் பருமனைப் போல இரண்டு மடங்கு நீளம் நேராக விட வேண்டும். மேலே அச்சிட்ட எழுத்து வரி சுற்றிக்கொண்டு போனால் ஹோஸ் முறுக்கி மாட்டப்பட்டிருக்கிறது, கழற்றி நேராக்குங்கள்.

அதற்கும் மேல் காப்பு வேண்டுமென்றால் 3 மி.மீ. இரும்புத் தகட்டை மூடிபோல் வளைத்து யூ போல்ட்டில் கட்டலாம். லோடர் கையில் வெல்டிங் வேண்டாம். சூடுபட்ட இடத்தில் பின்னால் வெடிப்பு வரும். தகட்டின் கீழ்ப்பக்கம் திறந்திருக்கட்டும், விளிம்பில் பழைய ஹோஸைப் பிளந்து சொருகிவிடுங்கள். இரு கைகளுக்கும் நடுவில் உள்ள குறுக்குக் குழாயிலிருந்து கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் எழும்பும் குச்சிகளை அது திருப்பிவிடும். தகடு வளைந்துபோகும் அடியிலும் பெல்ட் ஆடிவிட்டு நிற்கும்.

ஹோஸின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் சுருளான ஸ்பைரல் சுற்று நிழலில் தூங்கும் லோடருக்குச் சரி. இடைவெளியில் சுள்ளி சொருகிக்கொள்வதால் புதருக்கு உதவாது. கம்பிச் சுருளான ஸ்பிரிங் கார்டு தளர்ந்தால் அதுவே ஹோஸை அறுக்கும்.

எதைப் போட்டாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான். பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை விடுவித்த பிறகே ஹோஸைத் தொட வேண்டும். எஞ்சின் ஓடும்போது கசிவைத் தேட வேண்டியிருந்தால் தள்ளி நின்று அட்டையை நீட்டிப் பாருங்கள், கையை நீட்டாதீர்கள். ஊசித்துளையில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் புள்ளிபோல் இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கம்பி தெரியும் ஹோஸை டேப் சுற்றி ஓட்டாதீர்கள்.

நண்பருக்கு என் பதில்: ஸ்லீவ் நன்றாக உழைக்கும், ஆனால் எல்லா ஹோஸுக்கும் வாங்க வேண்டாம். ஓட்டுபவரின் காலுக்கருகே போகும் ஹோஸுக்கு மட்டும் ஒரு மீட்டர் எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை எல்போவுக்கும் நல்ல ஹோஸுக்கும் போடுங்கள்.