பெயின்ட் வாளி மூடியில் ஷேடு நம்பர் ஸ்டிக்கர் இல்லையா, வாங்காதீர்கள்

திருநெல்வேலியில் வீட்டுக்குப் பெயின்ட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் ஹாலுக்கு ஷேடு கார்டில் இரண்டு சந்தன கலர் பிடித்திருந்தது. கார்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சின்ன டப்பா வாங்கிச் சுவரில் அடித்துப் பார்த்தால், ஒன்று மஞ்சள் சாயல், இன்னொன்றில் காவி சேர்ந்து லேசான ரோஸ். பெருமாள்புரத்தில் எங்கள் வீட்டு ஜன்னல் மேற்கே பார்த்தது, சாயங்கால வெயில் பட்டதும் அந்த ரோஸ் அப்படியே செங்கல் நிறத்துக்கு ஏறிக்கொண்டது. அதனால் மஞ்சள் சாயலை முடிவு செய்து, வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் அந்த ஷேடு நம்பரைச் சொல்லி நாலு லிட்டர் வாளி இரண்டு கேட்டோம். "மிஷின்ல கலந்து வீட்டுக்கே அனுப்பி வைக்கேன் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர்.

ஒரு வாளியில் டிவி சுவர், இன்னொன்றில் பக்கத்துச் சுவர். அடிக்கும்போதே பெயின்டர், "இந்த வாளில டோக்கனக் காணோமே" என்று முனகினார் (பெயின்டருக்கென்று கம்பெனி புது வாளிக்குள் போடும் காசு டோக்கன், அவருக்கு அவர் கவலை). மறுநாள் நன்றாகக் காய்ந்த பிறகு பார்த்தால் மூலையில் கோடு போட்டதுபோல இரண்டு நிறம். டிவி சுவர் ரோஸ்! வாளியைத் திருப்பிப் பார்த்தோம். மூடியில் ஸ்டிக்கரை உரித்த பசை, அடியில் ஸ்கெட்ச் பேனாவில் வேறு ஏதோ நம்பர்.

மிஷினில் ஒருத்தருக்காகக் கலந்த கலரை அவர் வேண்டாம் என்றுவிட்டால் வேறு யாருக்கும் விற்க முடியாது, கடையில் கிடக்கும். கிட்டத்தட்ட அதே கலர் கேட்டு ஒருத்தர் வந்தால் அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். சந்தனம், பிஸ்கட் கலர் எல்லாம் இதற்கு வசதி, வாளிக்குள் பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

கடையில் போய்க் கேட்டதற்கு, "கலந்தத திரும்ப எடுக்க மாட்டோம்னு போர்டே வச்சிருக்கோம்லா" என்கிறார். பில்லில் 'எமல்ஷன் 4 லி, 2' என்று மட்டும்தான் இருக்கிறது, ஷேடு நம்பரே இல்லை. ஷேடு நம்பர், பேஸ் (கலர் சேர்க்கும் முன் உள்ள பெயின்ட் வகை), பேட்ச் (தயாரிப்பு எண்) எல்லாம் பில்லில் எழுதச் சொல்லுங்கள், கலக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், அடிக்கும் முன்பு எல்லா வாளியையும் ஒரே டிரம்மில் கொட்டிக் கலக்கச் சொல்லுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் போட்டிருக்கிறேன், வாளியையும் மூடியையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு அப்புறம்தான் ஒரு வாளிக் காசைத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். சரி, டிவி சுவரை மறுபடி அடிக்கிற கூலியை யார் கொடுப்பது?