வெளிநாட்டுப் பல்கலையின் கோடைக்கால ஆன்லைன் கோர்ஸ்: காட்பாடியிலிருந்து சில ஆண்டுப் பயன்பாடு

கூட வேலை செய்பவரின் மகள் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். "அங்கிள், வருஷா வருஷம் நீங்க படிக்கிற அந்த சம்மர் கோர்ஸ்ல நானும் சேரட்டுமா? இப்போ டிஸ்கவுன்ட் போட்டிருக்காங்க" என்று கேட்டு லிங்க்கும் அனுப்பியிருந்தாள். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டாள். பாடத்துக்கான படங்கள் இங்கே திறக்கவில்லை என்று போன கோடையில் நான் கொடுத்த புகாருக்கு அந்தப் பல்கலையின் உதவி மையத்திலிருந்து அதே வாரம்தான் பதில் வந்திருந்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டதாகக் கருதிப் புகாரை முடித்துவிட்டார்களாம். எதைத் தீர்த்தார்கள் என்று சொல்லவில்லை. அதனால் கீழே வருவது கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

பல்கலை அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிறது, பெயர் வேண்டாம். ஜூன், ஜூலையில் ஆறு வாரப் பாடங்கள். நான் எடுப்பது இலக்கியமும் சினிமாவும் கலந்த வகை: ஒரு சிறுகதையோ நாடகமோ எப்படிப் படமாகிறது, எது நின்றது, எது போனது. மதிப்பெண் இல்லாமல் கூடவே உட்கார்ந்து படிக்கும் முறையில் சேருவேன், அதில் கட்டணம் குறைவு. குறைவு என்றாலும் டாலர்தான். கார்டில் கட்டினால் வங்கி தன் பங்குக்கு மூன்று, மூன்றரை சதவீதம் மேலே போடும். அதற்கு ஜிஎஸ்டி வேறு. தள்ளுபடியைப் பார்த்துத் துள்ளுகிறவர்கள் இதையும் கூட்டிப் பார்க்கவும்.

நேர வித்தியாசத்தைச் சொல்லித்தான் எல்லோரும் முதலில் பயமுறுத்துவார்கள். கோடையில் அவர்கள் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 7 மணி வகுப்பு என்றால் இங்கே விடிகாலை 4.30. எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று. வேலூர் வெயில் அக்னி நட்சத்திரத்தோடு முடிகிற ஆசாமி இல்லை; ஜூனிலும் பாதி ராத்திரி வரை சுவர் சுடும். மொட்டை மாடியில் நாலரை மணிக்குத்தான் கொஞ்சம் காற்று வரும். வேறு எந்த நேரத்தில் வகுப்பு வைத்திருந்தாலும் இவ்வளவு தெளிவாகக் காதில் ஏறியிருக்காது. கட்டுரை அனுப்பும் கெடுதான் சிக்கல். ஞாயிறு நள்ளிரவு 11.59 என்று போட்டிருப்பார்கள். நமக்கு அது திங்கள் காலை 9.29. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் திங்கள் காலை எப்படி இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வாசிப்புப் பகுதியில் குறை சொல்ல எதுவும் இல்லை. பாடத்துக்கான கதைகள், கட்டுரைகள் எல்லாம் பிடிஎப்பாக வந்துவிடும். கம்பெனி பஸ்ஸில் போனிலேயே படிப்பேன். பதினைந்து வாரப் பாடத்தை ஆறு வாரத்தில் அமுக்கியிருப்பதால் மூச்சு முட்டும், அவ்வளவுதான். சில ஸ்கேன்கள் சாய்ந்திருக்கும், ஓரத்தில் யாரோ பென்சிலால் கிறுக்கியது தெரியும். அது எனக்குப் பிடிக்கும்.

இனி படத்துக்கு வருவோம்.

இரண்டாவது வாரம் ரஷோமான். ஜப்பானிய இயக்குநர் குரோசவா எடுத்த 1950 படம். அதற்கு முன், படத்துக்கு மூலமான, ஜப்பானிய எழுத்தாளர் அகுதகாவாவின் இரண்டு சிறுகதைகளைப் படிக்க வேண்டும். பாடமே அங்கேதான் இருக்கிறது: படத்தின் தலைப்பும் இடிந்த வாயிலும் ஒரு கதையிலிருந்து வந்தவை, கொலையும் ஒன்றோடொன்று ஒட்டாத வாக்குமூலங்களும் இன்னொரு கதையிலிருந்து. இரண்டையும் எப்படித் தைத்தார்கள் என்பதுதான் வகுப்பில் பேச வேண்டியது. கதைகளை ஆசையாகப் படித்து முடித்து, பல்கலையின் இணைய நூலகத்தில் நுழைந்து, படத்தை அழுத்தினேன். இந்தப் படம் உங்கள் பகுதியில் கிடைக்காது என்று வந்தது.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அந்தக் கோடை முழுக்க அதையும் ஒரு படம்போல் பார்த்தேன். ஐந்து படங்களில் மூன்று இப்படி. அடுத்த வருடம் வேறு பாடம், வேறு படங்கள், அதே எழுத்து. விற்கும்போது மட்டும் உலகத்தில் எங்கிருந்தும் படிக்கலாம் என்கிறார்கள். படம் காட்டும் உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்பார்கள், பல்கலை வாங்கியது அதன் நாட்டுக்கு மட்டும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. புரிகிறது. அதைச் சேருவதற்கு முன்பே சொல்லக் கூடாதா என்பதுதான் என் கேள்வி. எங்கள் ஊர் ஷூ அவர்கள் நாட்டுக் கடை அலமாரி வரை தடையில்லாமல் போகிறது; நான் பணம் கட்டிய படம் காட்பாடிக்கு வரமாட்டேன் என்கிறது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்குப் பதிப்புரிமை, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1950இல் வந்த படத்துக்கு 2010உடன் கணக்கு முடிந்தது. இங்கே உரிமை முடிந்துபோன படத்தை, உரிமை இல்லை என்று சொல்லி இங்கே இருப்பவனுக்குப் பூட்டியிருக்கிறார்கள். இதையும் உதவி மையத்துக்கு எழுதினேன். டிவிடி வாங்கிப் பார்க்கலாமே என்று பதில் வந்தது. வீட்டில் டிவிடி பிளேயர் எந்தப் பரணில் இருக்கிறது என்று என் மனைவிக்கே தெரியாது.

நாம் இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் விபிஎன் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வீர்கள். செய்யலாம்தான். கட்டணம் கட்டி, பெயர் பதிவு செய்தவன் ஏன் மறைந்து வர வேண்டும்?

நியாயமாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதே சினிமாப் பகுதியில்தான் இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய லாபமும் இருக்கிறது. ஷாட் பட்டியல் என்று ஒரு பயிற்சி கொடுப்பார்கள். ஏதாவது ஒரு படத்தில் மூன்று நிமிடக் காட்சியை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஷாட்டையும், அதாவது ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் ஓடும் துண்டை, ஒரு வரியாக எழுத வேண்டும்: எத்தனை நொடி, குளோசப்பா தூரமா, கேமரா நகர்கிறதா, என்ன சத்தம், எதில் வெட்டினார்கள். எக்செல் எனக்குத் தொழில், சந்தோஷமாக உட்கார்ந்தேன். பூட்டாத படம் வேண்டுமே என்று தேடியபோது ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே கிடைத்தது. இயக்கியவர் ஹாவர்ட் ஹாக்ஸ், 1940. அமெரிக்காவில் பதிப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் அங்கே யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றாகிவிட்ட படம், இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு மேடை நாடகத்திலிருந்து எடுத்தது. நாடகத்தில் ஆணாக இருந்த நிருபர் படத்தில் பெண். அந்த ஒரு மாற்றத்தால் அலுவலகச் சண்டை முன்னாள் கணவன் மனைவி சண்டையாகிவிடுகிறது.

பத்திரிகையாளர்கள் கூடும் அறையில் நடக்கும் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டேன். பார்க்கும்போது தலை சுற்றும் வேகம். ஆகவே நொடிக்கொரு வெட்டு இருக்கும் என்று நினைத்து நிறைய வரிகள் போட்டு வைத்திருந்தேன். பாதி காலியாகவே கிடந்தது. வேகம் வெட்டில் இல்லை, பேச்சில் இருக்கிறது. ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுகிறார், கேமரா அப்படியே நின்று பார்க்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, காலி வரிகள் சொல்லின. பேராசிரியர் அதற்கு ஒரு பக்கம் பதில் எழுதினார். மதிப்பெண் இல்லாதவனுக்கு அவர் எழுதவே வேண்டியதில்லை. அன்றிலிருந்து டிவியில் எந்தப் படம் ஓடினாலும் வாய் சும்மா இருப்பதில்லை. "பாரு, இன்னும் வெட்டல" என்பேன். ரிமோட்டை என்னிடம் தருவதை வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

கடைசிக் கட்டுரைக்குப் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யையும், அதிலிருந்து மகேந்திரன் 1979இல் எடுத்த 'உதிரிப்பூக்க'ளையும் வைத்து எழுதினேன். கதையில் கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மகேந்திரன் தனியாக ஒன்றைக் கட்டினார் என்பதுதான் வாதம். பேராசிரியர் ஆர்வமாகி, இந்தப் படத்தை எங்கே பார்க்கலாம் என்று கேட்டார். நல்ல மனிதர், படங்களைப் பூட்டியது அவர் இல்லை. இருந்தாலும் இரண்டு நாள் பதில் போடாமல் விட்டேன். அதில் கிடைத்த திருப்தியைச் சொல்லி முடியாது.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்ல? முதலில், 'சம்மர்' என்பது அவர்களுடைய சம்மர். நம் ஊரில் ஜூனிலேயே கல்லூரி திறந்துவிடும், விடிகாலை வகுப்பு முடித்து எட்டரைக்குக் கல்லூரி பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். காசு யோசனை இருந்தால் மத்திய அரசின் ஸ்வயம் என்ற ஆன்லைன் தளத்தில் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்கள் இருக்கின்றன, இலக்கியத்திலும் சினிமாவிலும். சேர்ந்து படிக்கப் பணம் இல்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். நாலரை மணிக்கு எதிரே உட்கார்ந்து வாதாட ஆள் கிடைக்காது என்பது ஒரு குறை. இந்தப் பல்கலையில்தான் சேருவேன் என்றால், பணம் கட்டும் முன் படங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கு. ஒவ்வொன்றும் இந்தியாவில் திறக்குமா என்று எழுத்தில் பதில் கேள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

இந்தக் கோடைக்கு என் தீர்ப்பு: வேண்டாம். ஷாட் பட்டியலுக்காகச் சேரலாமே என்றால், அதை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லித் தருகிறேன், எக்செல் ஃபைல் தயாராக இருக்கிறது. தள்ளுபடி மாதக் கடைசியோடு முடிகிறதாம். முடியட்டும்.