குடில் வெள்ளரியில் அசுவினி: குளவியா, கிரைசோபெர்லாவா, பூஞ்சாணமா?

10 சென்ட் பசுமைக்குடிலில் சுமார் ஆயிரம் வெள்ளரிச் செடி நிற்கும். குருத்திலையின் அடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏறிவிட்டால், ரசாயன மருந்தை எடுக்கும் முன் யோசிக்க மூன்று வழிகள் உண்டு: ஒட்டுண்ணிக் குளவி, அசுவினியைத் தின்னும் கிரைசோபெர்லா பூச்சியின் புழு, அசுவினியைக் கொல்லும் வெர்டிசிலியம் லெகானி பூஞ்சாணம். எதை எடுப்பது என்பதை அசுவினியின் அளவும் குடிலுக்குள் இருக்கும் சூடும்தான் முடிவு செய்யும்.

முதலில் ஒட்டுண்ணிக் குளவி. பெயர்தான் குளவி, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளக் கறுப்புப் பூச்சி, ஆளைக் கொட்டாது. ஓர் அசுவினிக்குள் ஒரு முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தே தின்று வளர, ஒரு வாரம் பத்து நாளில் அசுவினி உப்பிப் பழுப்பாகி இலையோடு ஒட்டிக் காயும். இதுதான் மம்மி. வெள்ளரி, குடைமிளகாய் அசுவினிக்கு உலகெங்கும் விடப்படுவது அஃபிடியஸ் கோல்மானி. முன்தடுப்பாக வாரந்தோறும் 4 சதுர மீட்டருக்கு ஒரு குளவி (10 சென்டுக்கு நூறு), அசுவினி கண்டபின் சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் மூன்று வாரம்.

சிக்கல் சூட்டில் இருக்கிறது. 20 முதல் 25 டிகிரியில் நன்றாக வேலை செய்யும், 30 தாண்டினால் சுணங்கிவிடும். பங்குனி சித்திரையில் நாகர்கோவில் பக்கத்துப் பாலித்தீன் குடிலில் குளவியை நம்புவது வீண். பேச்சிப்பாறை, குலசேகரம் மலையடிவாரத்தில் ஆனிச் சாரல் தொடங்கியபின் விடலாம்.

கிடைப்பதும் எளிதல்ல. உரக்கடையில் டிரைக்கோகிரம்மா அட்டையைக் காட்டினால் வாங்க வேண்டாம். அதில் உள்ள குளவி அந்துப்பூச்சி முட்டையைத் தாக்குவது, அசுவினியை அல்ல. மருந்தடிக்காத தட்டைப்பயற்றுக் கொடியில் நம் நாட்டுக் குளவிகள் தாமாகவே மம்மி போட்டிருக்கும். பினோடாக்ஸிஸ் இண்டிகஸ் என்ற இனம் பயற்றின் கறுப்பு அசுவினியையும் வெள்ளரி அசுவினியையும் தாக்கும். மம்மி உள்ள இலைத்துண்டுகளில் உயிருள்ள அசுவினியைத் தூரிகையால் தட்டிவிட்டு, மெல்லிய துணி கட்டிய புட்டியில், உள்ளே ஒரு துளி தேன் தடவி வையுங்கள். முதல் சில நாளில் வெளிவருபவற்றை மட்டும், காலைக் குளிரில் செடியடியில் விடுங்கள். பிந்தி வருபவற்றில் குளவியையே தின்னும் மேல்-ஒட்டுண்ணி அதிகம். ஓட்டையைப் பார்த்தாலே தெரியும்: நல்ல குளவி மம்மியின் பின்பக்கம் வட்டமாக மூடிபோல் அறுத்து வெளியேறும், மற்றது கன்னாபின்னாவென்று கடித்திருக்கும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டியிருப்பதற்குக் காரணம் குடிலைச் சுற்றிய 40 மெஷ் பூச்சி வலை. திறந்த வயலுக்குத் தானாக வரும் குளவியையும் அது வெளியே நிறுத்திவிடுகிறது.

அசுவினி ஏற்கெனவே அடை அடையாக மண்டி, இலையில் அது கழிக்கும் இனிப்பு நீரான தேன்கழிவு பிசுபிசுத்தால் குளவி எட்டிப்பிடிக்காது. மம்மியாவதற்குள் அசுவினி அடுத்த தலைமுறை குட்டி போட்டிருக்கும். அங்கே கிரைசோபெர்லா. செடிக்கு இரண்டு இளம்புழு வீதம், ஆயிரம் செடிக்கு இரண்டாயிரம். அசுவினி மண்டிய செடிக்குக் கூடுதலாக. புழு பசித்தால் ஒன்றையொன்று தின்னும், ஆகவே வந்த அன்றே மாலையில் பிரித்து விடுங்கள். அட்டையில் முட்டையாக வாங்கினால் எறும்பு தூக்கிப் போய்விடும். இதன் குறை: வளர்ந்த பூச்சி அசுவினியைத் தின்பதில்லை, தேனும் மகரந்தமும்தான். ஆகவே திரும்பத் திரும்ப வாங்க நேரிடும். செலவைப் பார்த்தால் குளவி தங்கிப் பெருகும். கிரைசோபெர்லா கூலியாள்போல் வேலை முடித்துப் போகும்.

வெர்டிசிலியம் லெகானிக்கு ஈரம் வேண்டும். லிட்டருக்கு 5 கிராம், மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய. இரண்டு பருவமழையும் பெய்யும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது பொருந்தும். ஆனால் ஈரப்பதம் குறைந்த கோடையில் பணம் வீண். பூஞ்சாணக்கொல்லியோடு கலக்கக் கூடாது. குளவி விட்ட உடனே அடிக்கவும் கூடாது: முட்டை சுமக்கும் அசுவினி மம்மியாகும் முன்பே செத்தால் குளவியும் போகும். சாம்பல் நோய்க்குக் கந்தகம் தூவினாலும் குளவிக்கு ஆபத்துதான்.

குளவி, கிரைசோபெர்லா எதை விட்டாலும் முதலில் எறும்பை நிறுத்துங்கள். தேன்கழிவுக்காக எறும்பு அசுவினியைக் காவல் காக்கும், குளவியை விரட்டும். குடிலைத் தொடும் தென்னையோலை, மாங்கிளை வழியாக முசுறு இறங்கும்; அதை வெட்டிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

மொசைக் வைரஸ் கண்ட செடிக்கு இந்த மூன்றும் உதவாது. அசுவினி குத்திய சில நிமிடத்திலேயே வைரஸ் ஏறிவிடும். அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி வெளியே எடுத்துவிடுங்கள்.