அந்த டப்பாவை யார் கொட்டுவது?

லாஸ்பேட்டையில் இருக்கும் சித்தி பெண் நேற்று போன் செய்தாள். "அக்கா, உங்க வீட்டுல இருக்கே அந்த வாக்குவம் கிளீனர், ஆடித் தள்ளுபடியில ரெண்டாயிரம் கொறச்சிருக்கான். சின்னவன் காலையில எழுந்தா பதினஞ்சு தும்மல் போடறான். வாங்கிடட்டுமா?"

கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு அரை மணி நேரம் முன்புதான் சர்வீஸ் ஆள் அதைக் கூடத்தில் பிரித்துப் போட்டு, "ஃபில்டர் கிழிஞ்சிருக்கு மேடம், சென்னையில இருந்துதான் வரணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "வாங்கவே வாங்காத" என்று கத்தி வைத்துவிட்டேன். பாவம் அவள். இங்கேயாவது நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன். வாட், லிட்டர், ஒயர் நீளமெல்லாம் அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறான், அதற்குள் நான் போகவில்லை.

வாங்கியது 2022 டிசம்பரில். கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் டெஸ்டில், என் மூக்குக்கு எதிரி தூசியில் இருக்கும் டஸ்ட் மைட் என்று தெரிந்த மாதம். கால் மில்லிமீட்டர்கூட ஒழுங்காக இல்லாத எட்டுக்கால் ஜந்து. கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோலைத் தின்றுகொண்டு மெத்தையிலும் தலையணையிலும் குடித்தனம் நடத்துகிறது. பெரும்பாலும் நம்மைத் தும்ம வைப்பது அதன் எச்சம்தான். தண்ணீர் குடிக்காமல் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சியே பிழைப்பதால், ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் வற்றிச் செத்துப்போகும் என்றார் டாக்டர். நல்ல யோசனை. எங்கள் வீடு கடலூரில், தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில். அலமாரி மேல் வாங்கி வைத்த மீட்டர் ஐம்பதைத் தொட்டது, கத்திரியில் மேல்காற்று அடித்த சில மதியங்களில் மட்டும்.

எங்களுடையது கல்யாணத்துக்குப் போட்ட இலவம்பஞ்சு மெத்தை. முதல் நாள் மெத்தைக்கென்று கொடுத்த அந்தச் சின்ன முனையை மாட்டிக் கால் மணி நேரம் இழுத்தேன். பார்வைக்கு ஒரு அழுக்கும் கிடையாது. டப்பாவைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் நிற மாவு. கேழ்வரகு மாவைவிட நைசு. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "இது மேலயா இத்தனை வருஷம் படுத்திருந்தீங்க?" என்றார். அதற்கப்புறம் ஞாயிறு தவறியதில்லை. உறை, போர்வையெல்லாம் வாஷிங் மெஷினில் 60 டிகிரியில், மெத்தைக்கு இந்த மெஷின். ரெண்டு மாதத்தில் காலைத் தும்மல் பாதிக்கு மேல் குறைந்தது. மெஷின் மட்டுமே காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தலையணைக்கு ஜிப் வைத்த உறை போட்டதும் அதே சமயம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இது பை இல்லாத மாடல். ஹெப்பா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்பது கணக்கு. பிடிக்கட்டும். பிடித்ததையெல்லாம் அப்படியே என் கையில் கொடுத்து, "போய்க் கொட்டிட்டு வா" என்கிறதே! யாருக்கு அலர்ஜியோ அவள்தான் கொட்ட வேண்டும். வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை கொட்டினார், வாஷ்பேசினில். அடைப்பு எடுக்க ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று.

எங்கள் கொல்லை கிழக்கே. உச்சி நேரம் நெருங்கினால் கடல்காற்று திரும்பிவிடும். அதற்கப்புறம் டப்பாவைத் திறந்தால், மெத்தையிலிருந்து எடுத்த அத்தனையும் என் முகத்தில் அடித்துவிட்டு நேராகச் சமையலறைக்குள் போகும். அதனால் பதினொரு மணிக்குள், மாஸ்க் போட்டு, பெரிய கேரி பேக்குக்குள் டப்பாவை விட்டு, வாயை ரப்பர் பேண்டால் கட்டி, உள்ளேயே கவிழ்த்துத் தட்டி, ஐந்து நிமிஷம் அடங்கவிட்டு எடுக்கிறேன். அப்படியும் கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த பிளாஸ்டிக்கில் மாவு ஒட்டிக்கொண்டு விழாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைக்கும்போது ஏழு தும்மல். எண்ணியிருக்கிறேன்.

அடுத்தது ஃபில்டர். கழுவி 24 மணி நேரம் காயவிடச் சொல்கிறது கையேடு. ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்ப் பக்கம் வந்து கைக்குட்டை காயப்போட்டுப் பார்த்தவர் எழுதியது இல்லை அது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்டே கரை கடந்தது, அதோடு பெண்ணையாற்றில் வெள்ளம். வீடெல்லாம் ஊறி, பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. அதற்கு இந்த மெஷின் உதவாது, சோப்புத் தண்ணீரில் துணி நனைத்துத்தான் துடைத்தேன். மெத்தையையாவது இழுப்போம் என்று நாலு நாள் காயப்போட்ட ஃபில்டரை மாட்டினேன். உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. தூசி களிமண்ணாகி அடைத்து மோட்டார் நின்றுவிட்டது. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அந்த ஃபில்டர்தான் இப்போது கிழிந்தது.

மாமியார் கட்சி வேறு. "மொட்டை மாடியில வெயில்ல போட்டு ரெண்டு சாத்து சாத்தினா தீர்ந்துது, இதுக்கு எதுக்கு கரண்டு?" பாதி சரி. சித்திரை வெயிலில் மெத்தை நன்றாகச் சூடேறிக் காய்ந்தால் ஜந்து சாகும். ஆனால் எச்சம் வெயிலில் சாகாது, அது பஞ்சிலேயே கிடக்கும். சாத்தும்போது பறப்பதும் அதுதான். ரெண்டும் சேர்ந்தால் நல்லது: வெயிலில் போடுவது அவர், இழுப்பது நான். ஆறு மாதமாக அப்படித்தான் நடக்கிறது. அவர் சாத்தும்போது நான் கீழே இறங்கிவிடுவேன்.

அதனால் தங்கச்சி, உனக்கு இதுதான் பதில். ரெண்டாயிரம் குறைத்தாலும் நாலாயிரம் குறைத்தாலும் இது வேண்டாம். பை வைத்த மாடலாகப் பார். மாதச் செலவு கொஞ்சம் கூடும், ஆனால் பையோடு தூக்கிப் போட்டுவிடலாம், சின்னவன் பக்கத்தில் தூசி பறக்காது. வாங்குவதற்கு முன்னால் அவன் தலையணைக்கு உறை போடு, கரடி பொம்மையையும் வெந்நீரில் துவை.

புது ஃபில்டர் சனிக்கிழமை வருமாம், இப்போதுதான் மெசேஜ் வந்தது. ரெண்டாக வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன், ஐப்பசிக்கு ஒன்று கையிருப்பு வேண்டும்.