நன்றி ஜெபக் கொப்பி: எரிச்சலில் இருக்கிறவருக்கு உதவுமா?

மட்டக்களப்பு புளியந்தீவில் ஒரு ஆலய வாசலில் போட்டிருந்த புத்தக மேசையில் வாங்கியது. மூன்று மாதத்துக்கான கொப்பி, நாளுக்கு ஒரு பக்கம். மேலே ஒரு வசனம், நடுவில் ‘இன்று நான் நன்றி சொல்லும் மூன்று காரியங்கள்’ என்று மூன்று கோடு, அடியில் இரவு ஜெபத்துக்கு ஒரு பெட்டி. விலை 900 ரூபா. இன்றைக்குக் கடுதாசி விற்கிற விலைக்கு அதிகம் என்று சொல்ல மாட்டேன்.

நான் இதைத் தொடங்கிய நேரம் நன்றி சொல்லத் தோதான நேரமே இல்லை. காணி உறுதிப் பிரதி ஒன்றுக்காக ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தேன், ஒருநாள் ‘அந்த ஐயா லீவு’, இன்னொரு நாள் ‘இந்தக் கடிதத்தில் சீல் தெளிவில்லை’, வெளியே வந்தால் கச்சான் காற்று முகத்தில் அனலாக அடிக்கும், வீட்டுக்கு வந்தால் தண்ணி மோட்டர் இழுக்காது. அம்மா பழைய மெதடிஸ்தக்காரர், பால் பொங்கி அடுப்பில் ஊற்றினாலும் “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று சொல்லிக்கொண்டுதான் துணியை எடுப்பார். எனக்கு அது இயல்பாக வராது. அம்மாவுக்கு இந்தக் கொப்பி தேவையில்லை, என்னைப் போல ஆட்களுக்குத்தான் தேவை. அதனால் அந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

முதல் பகுதி சப்பென்று போகிறது. மூன்று கோட்டையும் எப்படி நிரப்புவது என்று எந்த உதவியும் இல்லை, ஆகவே எல்லாரும் எழுதுவதைத்தான் எழுதுவோம்: குடும்பம், சுகம், சாப்பாடு. அடுத்த நாளும் அதே. சில நாளில் கை தானாக எழுதும், மனம் வேறெங்கோ இருக்கும். இரண்டாம் மாதத்தில்தான் கொப்பி கண் திறக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கேள்வி வரத் தொடங்குகிறது. அதில் ஒன்று, ‘இன்று யாருடைய உழைப்பு உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது?’ இந்தக் கேள்விக்கே 900 ரூபா கொடுக்கலாம். விடியக்காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோக்காரர், கல்லடியில் மீன் வெட்டித் தந்த அக்கா (செதிள் ஒன்றுகூட மிஞ்சாமல்), அந்த அலுவலக வாசலில் நின்று “அந்த ஜன்னல் இல்லை தம்பி, பின்னால் போய்க் கேளுங்க” என்று காதோடு சொன்ன பியோன். அந்தப் பியோனின் பேரை நான் கேட்கவில்லை, ஆனால் இரவு ஜெபத்தில் அவரைச் சொன்னேன். அலுவலகத்தின் மேல் இருந்த கோபம் போகவில்லை, உண்மையைச் சொல்லத்தானே வேண்டும், ஆனாலும் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு மனுசர் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு அடுத்த முறை படியேறுவது கொஞ்சம் லேசாக இருந்தது.

இரவுப் பெட்டியும் நல்லது. அது புது யோசனை இல்லை, இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளில் (1548இல் அச்சான நூல்) உள்ள தினசரி மனச்சோதனையின் சுருக்கம்தான். அதில் ஐந்து படி, முதல் படியே பெற்ற நன்மைகளுக்கு நன்றி. குற்றங்களைக் கணக்குப் பார்ப்பது அதற்குப் பிறகுதான் வரும். இயேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த காலத்தில் படித்த பெரியவர்களுக்கு இது பழகின சங்கதியாக இருக்கலாம்.

இனிக் குறை. பெரிய குறை ஒன்று: முறையிட இடமே இல்லை. பக்கத்தின் முதல் வரியிலேயே நன்றி கேட்கிறார்கள். சங்கீதப் புத்தகம் அப்படியா நடக்கிறது? 13ஆம் சங்கீதம் மொத்தம் ஆறு வசனம், தொடக்கமே ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று நேரே முகத்தில் கேட்பது. கேட்டு முடித்த பிறகுதான் கடைசியில் ‘அவரைப் பாடுவேன்’ வருகிறது. 88ஆம் சங்கீதத்தில் அதுவும் இல்லை, இருளிலேயே முடிந்துவிடுகிறது, அதையும் வேதத்தில் விட்டு வைத்திருக்கிறார்கள். நான் செய்தது, மூன்று கோட்டுக்கு மேலே உள்ள வெற்று ஓரத்தில் பென்சிலால் அன்றைய எரிச்சலை எழுதினேன், பிறகு கீழே நன்றி. அப்படி எழுதிய நாட்களில்தான் நன்றி பொய்யாக இல்லாமல் இருந்தது. அடுத்த பதிப்பில் அதற்கு நாலு கோடு போட்டால் நல்லது.

இன்னொன்றை லேசாக விட முடியாது. மூன்றாம் மாதத்தில் ஒரு பக்கம், உங்கள் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய இழப்புக்கு இன்று நன்றி சொல்லுங்கள் என்கிறது. எந்த ஊரில் வைத்து விற்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? 2004 சுனாமி நாவலடியைத் துடைத்துக்கொண்டு போன ஊர் இது. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் ஆலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கிற ஊர். வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூட இருந்தார்களே, அதுவரை சரியாகத்தான் செய்தார்கள், விளக்கம் சொல்லத் தொடங்கியதும்தான் கெட்டது. அந்தப் பக்கத்தை நான் வெறுமையாக விட்டேன். துக்க வீட்டுக்குப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதைக் கொடுக்க வேண்டாம், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணியோடு போய் இருங்கள், போதும்.

சில்லறைக் குறைகள்: ஜெல் பேனையால் எழுதினால் மை மறுபக்கம் ஊறுகிறது, குமிழ்முனைப் பேனை சரி. ஒட்டின பைண்டிங், பாதியில் இரண்டு தாள் கழன்று வந்தது. படங்கள் எங்கிருந்து எடுத்தார்களோ தெரியாது, பனி மூடிய மலையும் சிவந்த மேப்பிள் இலையும்தான் பக்கத்துக்குப் பக்கம், வாவியும் இல்லை, ஒரு தோணியும் இல்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. அலுவலக அலைச்சல், பரீட்சை முடிவு, வேலை கிடைக்காத சலிப்பு, இந்த அளவு எரிச்சலில் இருக்கிறவர்கள் வாங்கலாம். முதல் மாதத்தை விட்டுவிட்டு இரண்டாம் மாதத்தில் தொடங்கினாலும் ஒன்றும் குறையாது, பக்கங்களில் திகதி அச்சடிக்கவில்லை. மேசையில் சில பிரதிகள்தான் மிச்சம் இருந்தன, நத்தார் பரிசுக்கு எடுக்க நினைப்பவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்தவுடனே போய்ப் பாருங்கள்.